கொல்லைக் குளத்துக்கு ஆள் பார்த்த கதை

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. முன்பக்கத்தை அவள் பார்ப்பதே இல்லை. கையில் எடுத்ததும் உள்பக்கம் திருப்பி, தையல் ஓரத்தை விரலால் நீவிப் பார்ப்பாள். "வெளிய எல்லாருமே நல்லாத்தான் தைப்பாங்க" என்பாள்.

வீட்டுக் கொல்லையில் சின்னதாக ஒரு குளம் வேண்டும் என்று கணவர் கேட்டபோதும், அதே கண்ணோடுதான் ஆள் தேடக் கிளம்பினாள்.

அவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய வழித்தடத்தின் கடைசி நிறுத்தம் ஓர் ஏரிக்கரை. ஒவ்வொரு நடையிலும் அங்கே வண்டியை அணைத்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இப்போது கண்ணில் அழுத்த நோய். பார்வை ஓரத்திலிருந்து மெல்லச் சுருங்கிக்கொண்டு வருகிறது. சொட்டு மருந்து விட்டால் கொஞ்சம் தள்ளிப்போகும், போனது போனதுதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவர், கண் இருக்கும்போதே கொல்லையில் கொஞ்சம் தண்ணீரைப் பார்த்துவிட வேண்டும் என்றார். வேறு எதற்கும் ஆசைப்பட்டுக் கேட்டவர் இல்லை.

முதலில் வந்த ஒப்பந்தக்காரர் கைபேசியில் படம் படமாகக் காட்டினார். எல்லாம் நேற்றுக் கட்டியது போலப் பளபளத்தன. பழசு ஏதாவது இருந்தால் காட்டுங்கள் என்றாள். அந்த ஆள் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. அடுத்தவர் பழைய குளம் ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனார். போய்ப் பார்த்தால் அதில் மண்ணைக் கொட்டி ரோஜாச் செடி வைத்திருந்தார்கள்.

மூன்றாமவர் வாயாடி. ஊரில் பாதித் தண்ணீர் தன்னால்தான் நிற்கிறது என்கிற மாதிரி பேசினார். ஆனால் அவர் காட்டிய பழைய குளத்தில் தண்ணீர் நின்றது. அந்த வீட்டுக்காரம்மா அவரைப் பார்த்ததும் அரைமணி நேரம் குறை சொல்லித் தீர்த்துவிட்டு, தேநீரும் கொடுத்தார். கூப்பிட்டால் வந்து பார்க்கிற ஆள் என்பது அதிலேயே தெரிந்தது. இருந்தும் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வடிவத்தை மட்டும் போட்டுக் காட்டச் சொன்னாள். இன்னும் ஒருவரைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கணவரிடம் சொன்னாள்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட நீ இவ்வளவு அலையலையேம்மா" என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாயாடி வந்தார். தோண்டுவதற்கு முன் தோட்டக் குழாயைப் புல்மேல் வளைத்துப் போட்டு, குளத்தின் வடிவத்தைக் காட்டுவது அவர் வழக்கம். கொல்லை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவரிடம், இதோ போட்டுவிடுகிறேன் என்று சொல்லி, குழாயைச் சரசரவென்று இழுத்தார். நீளம் போதவில்லை. மறுபடி சுருட்டிச் சுவரோரம் போட்டுவிட்டு, வண்டியிலிருந்து வேறு குழாய் எடுக்கப் போனார்.

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த அவள், "எப்படிங்க இருக்கு?" என்றாள்.

அவர் எதிரே இருந்த புல்வெளியைப் பார்த்தபடி சொன்னார்: "அருமையா வந்திருக்கு. அந்த வளைவுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

புல்வெளி காலியாக இருந்தது.

அவள் அப்படியே நின்றாள். கொஞ்ச நாளாக அவர் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பது, செய்தித்தாளை அவளையே படிக்கச் சொல்லிவிட்டு இதமாக இருக்கிறது என்பது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவள் நிதானமாக ஆள் தேடட்டும் என்றுதான் அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

வாயாடி நீளக் குழாயோடு திரும்பி வந்தார்.

"நாளைக்கே தோண்ட ஆரம்பிக்க முடியுமா?" என்றாள் அவள்.

"இன்னொருத்தரைப் பாக்கணும்னீங்களேக்கா?"

"பாக்க வேணாம். நீங்களே கட்டுங்க. ஆனா அவ்வளவு தள்ளி வேணாம். இங்க, படிக்குப் பக்கத்துல. கைய நீட்டினா தண்ணி படணும். மேலருந்து விழற மாதிரி வைங்க. உள்ள படுத்திருந்தாலும் சத்தம் கேக்கணும்."

வாயாடி அவளைப் பார்த்தார், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். அன்று முதல் தடவையாகப் பேசாமல் குழாயைப் படியருகே வளைத்துப் போட்டார்.

கணவர் குழாய் உரசும் சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, "பூதக்கண்ணாடிக்கே இவ்வளவு நாள் ஆச்சு" என்றார்.

அவள் குனிந்து அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு அவர் எழுந்தார். வெறுங்காலால் குழாயைத் தடவித் தடவி, அதை ஒட்டியே நடந்தார். பாதி சுற்று வந்ததும் நின்று, காலால் ஓரிடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இங்க ரொம்ப ஒடிச்சிருக்கு. இந்த வளைவுல வண்டி திரும்பாது."

வாயாடி சிரித்துவிட்டார். அவள் புல்லில் மண்டியிட்டு, அவர் காட்டிய இடத்தில் குழாயைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தாள். அவர் மறுபடி முதலிலிருந்து நடக்கத் தொடங்கினார்.