லவெல் பேசுகிறான் என்ற அறிவிப்பு

டொலீடோ நகரத்தில் பாதிப் பேர் கூடைப்பந்து ஆட்டம் பார்க்க அரங்குக்குப் போனார்கள், மீதிப் பேர் செஸ்டர் க்ரபோவ்ஸ்கி மைக்கில் ஆட்டக்காரர் பெயர்களைச் சொல்வதைக் கேட்கப் போனார்கள் என்று லக்ரேஞ்ச் தெருக்காரர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். செஸ்டர் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவர். போலந்துக்காரர்கள் தெரு அது. தங்கள் ஆள் ஒருவன் பேச ஊரே வாய்மூடிக் கேட்கிறது என்றால் பெருமை இருக்காதா?

பகலில் கண்ணாடித் தொழிற்சாலையின் சரக்கு முற்றத்தில் வேலை. லாரி எண்களைக் கூவி அழைப்பார். வெள்ளிக்கிழமை மாலைகளில் மாதா கோயில் கூடத்தில் பிங்கோ என்ற சீட்டு ஆட்டத்துக்கு எழுத்தும் எண்ணும் கூவிச் சொல்வார். ஊருக்குப் புதிதாகத் தொழில்முறைக் கூடைப்பந்து அணி வந்தபோது, அதன் மேலாளர் ஹேச்சர் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கூடத்துப் பக்கம் வந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் நேரே மேடைக்கு வந்தார்.

"யோவ், பி பன்னெண்டுன்னு நீ சொன்னதுக்கே எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. ஆளுங்க பேரைச் சொன்னா எப்படி இருக்கும்?"

"பேருன்னா கொஞ்சம் கூடவே கவனமா சொல்வேங்க" என்றார் செஸ்டர்.

அதை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார்கூட அவர் பெயரை ஒழுங்காக உச்சரித்ததில்லை. கிராபு, கிரபோஸ்கு, கடைசியில் "டேய், நீ". அந்த எரிச்சல் அவருக்குள் கடைசிவரை இருந்தது. அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் எதிரணி உடைமாற்றும் அறை வாசலில் போய் நின்று, "தம்பி, உங்க வீட்டுல உங்க பேரை எப்படிச் சொல்வாங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் யோசித்துவிட்டு, தாயார் அழைக்கும் விதத்தைச் சொல்லிக் காட்டுவார்கள். மைக் முன்னால் உட்கார்ந்ததும் எதிரணிப் பெயர்களைத் தட்டையாக, பிழையில்லாமல் சொல்வார். சொந்த அணிப் பெயர் வந்தால் மட்டும் குரலை இழுத்து, வளைத்து, உச்சிக்குக் கொண்டுபோய் அங்கே விட்டுவிடுவார். கூரை அதிரும்.

அந்தப் பெயர்களில் ஊருக்கு மிகவும் பிடித்தது லவெல் ப்ரூயிட். கறுப்பர்கள் வாழும் டோர் தெருப் பையன். பெரிய உயரமில்லை, ஆனால் பந்து அவன் கையில் வளர்ப்பு நாய் மாதிரி சொன்னபடி கேட்கும். "லவெ...ஏ...ல்!" என்று செஸ்டர் தொடங்க, மீதியைச் சனம் முடிக்கும். முடிதிருத்தும் கடையில், பேருந்தில், பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் இதையே கத்திக்கொண்டு திரிந்தார்கள். செஸ்டரின் மனைவி ப்ளாரன்ஸ், "என்னைக் கூப்பிட்டா மட்டும் ஏன் லாரியைக் கூப்பிடுற மாதிரி இருக்கு?" என்று கேட்பாள்.

லவெலின் அப்பா ஏமஸ் ப்ரூயிட். அலபாமாவிலிருந்து வந்து வார்ப்படச் சாலையில் வேலை பார்த்தவர். மனைவியை இழந்தவர். மகன் ஆடும் எந்த ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை. ஆனால் கூரைக்கு அடியில், கடைசி வரிசையில்தான் உட்காருவார். "அப்பா கிட்ட உட்கார்ந்திருந்தா எனக்குக் கை நடுங்குது" என்று பையன் ஒருமுறை சொல்லியிருந்தான். அவர் எங்கே உட்காருகிறார் என்பது அணிக்காரர்கள் யாருக்கும் தெரியாது. அவர் வருவதே தெரியாது.

அது பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். வெளியே, ஊரோரத்துப் பெரிய ஏரியின் காற்றோடு பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரம் ஆகியிருந்தது. லவெல் பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி ஓடி வந்தவன், செஸ்டர் உட்கார்ந்திருந்த மேசை அருகே நின்றான். மேசை மேல் ஒரு கையை ஊன்றினான். ஏதோ கேட்கப்போகிறான் என்று நினைத்து செஸ்டர் குனிந்தார். பையன் அப்படியே சரிந்து கீழே விழுந்தான்.

மருத்துவர் ஓடி வந்தார். நெஞ்சை அழுத்தினார்கள். தூக்குப் படுக்கையில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். அத்தனை பெரிய அரங்கில் குழந்தை இருமுவதுகூடக் கேட்டது. பிறகு சனம் எழுந்து நிற்கத் தொடங்கியது. சிலர் அழுதார்கள், சிலர் வாசலை நோக்கி நகர்ந்தார்கள்.

ஹேச்சர் மேசைக்கு வந்து செஸ்டரின் காதருகே குனிந்தார்.

"நினைவு வந்துடுச்சு, பேசுறான்னு சொல்லு."

"யாரு சொன்னா?"

"போன் வந்துது. சொல்லுய்யா, எல்லாரும் ஒரேயடியா வாசலுக்குப் போனா நசுங்கிச் சாவாங்க."

செஸ்டர் ஹேச்சரின் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் அந்தச் செய்தி உண்மையாக இருக்கவேண்டும் என்று அங்கே அவரைவிட அதிகமாக ஆசைப்பட்டவர் யாருமில்லை. மைக்கை இழுத்தார். "அன்பர்களே, லவெல் ப்ரூயிட்டுக்கு நினைவு திரும்பிவிட்டது. பேசுகிறார். ஆட்டம் தொடரும்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல். சனம் உட்கார்ந்தது. ஆட்டம் நடந்தது. டொலீடோ ஜெயித்தது.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது, கையில் தொப்பியோடு வயதான ஒரு கறுப்பர் மேசை அருகே வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு.

"ஐயா, நான் லவெலோட அப்பா. எந்த ஆஸ்பத்திரின்னு தெரியுங்களா? அப்பவே கிளம்பிட்டேன், கீழ்வாசல் வரைக்கும் போய்ட்டேன். நீங்க சொன்னதைக் கேட்டதும்தான் திரும்பிப் போய் உட்கார்ந்தேன். ஆட்டம் என்னாச்சுன்னு கேட்பான், சொல்லலைன்னா கோவிச்சுக்குவான்."

"வாங்க, என் வண்டியிலயே போயிடலாம்" என்றார் செஸ்டர்.

பனியில் வண்டி ஊர்ந்தது. வழி முழுக்க ஏமஸ் பேசிக்கொண்டே வந்தார். பையன் காலையில் சாப்பிடாமல் கிளம்பியதால்தான் மயக்கம் வந்திருக்கும் என்றார். "ரெண்டு முட்டை தின்னுட்டுப் போடான்னேன். எங்க கேக்குறான்?"

மருத்துவமனையில் பெயரைச் சொன்னதும் தாதி எழுந்து நின்றாள். அப்போதே செஸ்டருக்கு விளங்கிவிட்டது. ஏமஸுக்கு விளங்கவில்லை. அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னாள். கொண்டுவந்தபோது உயிர் இருந்தது. நினைவு திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது.

"சொந்தக்காரங்க யாராச்சும் வருவாங்களான்னு வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தோம்" என்றாள். "இங்கேயிருந்து யாரும் போன் பண்ணலையே, ஐயா."

ஏமஸ் தொப்பியை மடிமேல் வைத்துக்கொண்டு, "நாங்க ஜெயிச்சுட்டோம்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

மறுநாள் காலை செஸ்டர் ஹேச்சரின் அறைக்குப் போனார். ஹேச்சர் தூங்காத கண்ணோடு உட்கார்ந்திருந்தார். போன் எதுவும் வரவில்லை என்பதை மறைக்கவில்லை.

"அவங்கப்பா மேல இருந்தார்னு எனக்கென்னய்யா தெரியும்? ஆயிரக்கணக்கான பேர். நான் என்ன, கெடுதல் நினைச்சா சொன்னேன்?"

"நீங்க சொல்லல. நான்தான் சொன்னேன். என் குரல்ல சொன்னேன்."

"சரி, இப்ப அதைப் போய் வெளியே சொல்லி யாருக்கு என்ன கிடைக்கப் போகுது?"

செஸ்டர் அறையை விட்டு வெளியே வந்தார். ப்ளாரன்ஸும் வீட்டில் அதையேதான் கேட்டாள். ஆனால் அவள் கோபமாகக் கேட்கவில்லை, பயந்து கேட்டாள்.

சவ அடக்கத்துக்குப் பிறகு நடந்த முதல் ஆட்டத்தில், இரு அணிகளும் தலைகுனிந்து நின்றன. படிக்கவேண்டிய இரங்கல் வரிகளைக் கொடுத்திருந்தார்கள். செஸ்டர் அவற்றைப் படித்தார். முடித்ததும் மைக்கை வைக்கவில்லை.

"அன்னைக்கு லவெல் பேசுறார்னு நான் சொன்னேன். அது பொய். அவர் பேசவேயில்லை. நான் விசாரிக்காம சொன்னேன். அதை நம்பி அவரோட அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகாம இங்கயே உட்கார்ந்துட்டார்."

அப்புறம் எங்கோ ஒருவன், "போதும், நிறுத்துய்யா!" என்று கத்தினான். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். தங்கள் கைதட்டலை யாரோ திருப்பி முகத்தில் எறிந்த மாதிரி இருந்திருக்கும் அவர்களுக்கு. தாம் சொன்னதற்கெல்லாம் ஆர்ப்பரித்த கூட்டம் ஊளையிடுவதை செஸ்டர் அன்றுதான் கேட்டார். இடைவேளைக்குள் மேசையில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான்.

பல மாதம் அவர் லக்ரேஞ்ச் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவில்லை. முடிதிருத்தும் கடையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். "செத்தவனை நிம்மதியா விட்டிருக்கலாம்" என்றார் ஒருவர், அவர் காதில் விழும்படியே.

வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை ஏமஸ் வந்து கதவைத் தட்டினார். ப்ளாரன்ஸ் உள்ளே அழைத்தாள். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"நான் உச்சியில இருந்தேன். எனக்கு எல்லாருடைய முதுகும்தான் தெரிஞ்சுது. நீங்க பக்கத்துல இருந்தீங்க. என் பிள்ளை ஏதாச்சும் சொன்னானா?"

செஸ்டரின் நாக்கு நுனியில் ஒரு நல்ல சொல் தயாராக வந்து நின்றது. அப்பா என்று கூப்பிட்டான் என்று சொன்னால் போதும், இந்த மனிதர் ஆயுசுக்கும் அதை வைத்துக்கொள்வார். ப்ளாரன்ஸ் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க. ஒண்ணும் சொல்லல. என் மேசையில கையை வெச்சான். முகத்துல வலி இருந்த மாதிரி தெரியல. எதையோ மறந்துட்டவன் மாதிரி நின்னான். அப்படியே விழுந்துட்டான்."

ஏமஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. மகன் போன பிறகு அவர் அழுதது அன்றுதான் என்று பின்னால் அவருடைய அண்டை வீட்டுக்காரி சொல்லித் தெரிந்தது. ப்ளாரன்ஸ் அவருக்கு முட்டைக்கோஸ் சூப் கொண்டுவந்து வைத்தாள். அவர் பாதி குடித்தார்.

"எந்தக் கை?" என்று கேட்டார்.

"இடது கை."

அவர் தலையாட்டினார்.

அதன் பிறகு இருவரும் நண்பர்களாகிவிடவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் உடம்பை விசாரித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஏமஸ் ஓய்வு பெற்று அலபாமாவுக்கே போய்விட்டார். அணியும் வேறு ஊருக்குப் போய்விட்டது.

வயதான காலத்தில், பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் பெயர் சொல்ல ஆளில்லை என்று பங்குச் சாமியார் மூன்று முறை கேட்டபிறகு, செஸ்டர் ஒப்புக்கொண்டார். குரல் கரகரத்துப் போயிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பெண்ணிடமும் வீட்டில் எப்படி அழைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு குளிர்காலத்தில் ஓர் எதிரணிப் பெண் கீழே விழுந்து எழவில்லை. "ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க, செஸ்டர். பெத்தவங்க பதறுறாங்க" என்றார் பயிற்சியாளர். செஸ்டர் மைக்கை அணைத்துவிட்டு எழுந்தார். பெண்ணின் அருகில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு முழங்கால் வலியோடு படிகளில் ஏறி, எழுந்து நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்த அவளுடைய அம்மாவிடம் போனார்.

"கணுக்கால்ல அடி. அழுவுறா. எலும்பு முறிஞ்சிருக்கான்னு எனக்குத் தெரியாதும்மா. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிக் கையை நீட்டினார்.