கிருபாபாய் எடுத்த காலடிகள்

கிருபாபாய் அக்கா படித்தது எட்டாம் வகுப்பு. பேச்சு மட்டும் டாக்டருக்கு மேலே. சித்தூர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரே வேலைதான். மூளை வாதத்தால் கால் இழுத்துக்கொண்ட பிள்ளைகளின் பாதத்தில் மை தடவி, நீளக் காகிதத்தில் நடக்க விடுவார். பாரம் விழுந்த இடம் அழுத்தமாகப் பதியும். தரை தொடாத குதிகால் வெள்ளையாக நிற்கும். அதை வைத்துத்தான் குதிகால் தசைநாரை வெட்டி நீட்டுவதா என்று டாக்டர் முடிவு செய்வார்.

1974இல் பாலசமுத்திரத்து ரங்கன், ஏழு வயது மகள் சென்னம்மாவைத் தூக்கி வந்தார். காகிதத்தில் விரல்கள் மட்டுமே பதிந்தன. மறுநாளே ஆபரேஷன் என்று டாக்டர் வேதாச்சலம் எழுதிவிட்டார்.

மையைக் கழுவும்போதும் பிள்ளை நடுங்கியது. "ஏன்மா நடுங்குற?" என்றார் அக்கா.

"ஒயுங்கா நடக்கலன்னா டாக்டரு காலை வெட்டிடுவாருன்னு நைனா சொல்லிச்சி."

அக்கா ரங்கன்மேல் எரிந்து விழுந்தார். "நல்லா நடக்கட்டும்னுதாம்மா சொன்னேன்" என்று அவர் தலை குனிந்தார். பாவம், பரீட்சைக்குப் பிள்ளையை மிரட்டி அனுப்பும் அப்பாக்களில் அவரும் ஒருவர்.

பயந்தால் இந்தப் பிள்ளைகளின் கால் இன்னும் விறைக்கும். அது காகிதத்திலும் விழும் என்று அதுவரை எங்களுக்கு உறைக்கவேயில்லை. சாயங்காலம் அக்கா சமையல்கட்டுப் பூனையைக் காகிதத்தின் அந்தக் கோடியில் விட்டு, சென்னம்மாவை மறுபடி நடக்கவிட்டார். சிரித்துக்கொண்டே போனாள். குதிகால் பதிந்தது.

முந்தின வருஷம் அசரியா என்ற பையனுக்கு, அவன் அழ அழ எடுத்த காகிதத்தை நம்பித்தான் வெட்டினார்கள். அன்றிலிருந்து கெண்டைக்காலில் பிடிப்பு போய், அவனால் முழங்காலை நிமிர்த்தி நிற்க முடியவில்லை. இதைக் காட்டினால் அதுவும் வெளியே வரும்.

"கிழிச்சிப் போடுக்கா, வேலை போய்டும்" என்றேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, சொன்னேன்.

அக்கா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, காகிதத்தை டாக்டர் மேசையில் விரித்தார். ஆபரேஷன் நின்றது. அத்தோடு அக்கா திரும்பி வந்திருக்கலாம். டாக்டர் எதுவும் கேட்கவில்லை.

"அசரியா காகிதமும் பயந்த காலுதான் சார். அழுதுக்கினே நடந்தான். நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"வெட்டினது நான்" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் அசரியாவின் அம்மா தபீதாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார்கள். அந்த அம்மா அழவில்லை, ஏசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இப்ப சரி பண்ண முடியுமா?"

முடியாது என்று அக்காதான் சொன்னார்.