தாய் மட்டும் தங்கலாம்

பிள்ளைகளுக்கென்று எங்கள் பக்கத்தில் முதன்முதலாக ஓர் ஆஸ்பத்திரி வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்கு முன் காய்ச்சல்காரப் பிள்ளைகள் பெண்கள் வார்டில், பெரியவர்களின் இருமலுக்கு நடுவே கிடந்தார்கள். புதிய இடத்தில் பிள்ளைக்கு ஒரு கட்டில், சுவரில் ஒட்டகச்சிவிங்கி, வாசலில் சட்டப் பலகை. ஒட்டகச்சிவிங்கியை யாரும் குறை சொல்லவில்லை. பலகையின் மூன்றாவது வரிதான் ஊரைப் படுத்தியது: பிள்ளையுடன் தாய் மட்டும் தங்கலாம்.

இரண்டு வயதுத் தம்பிக்கு நெஞ்சுச்சளி முற்றி அங்கே சேர்த்தபோது, உம்மா தங்கச்சியைப் பெற்றுப் பதினேழு நாள். பிள்ளை பெற்றவர்கள் நாற்பது நாள் முடியாமல் எங்கள் வீடுகளில் படியிறங்கமாட்டார்கள். வாப்பா வாசலில் அரை மணி நேரம் வாதாடினார். காவலாளி ஒவ்வொரு தடவையும் பலகையைக் காட்டினார். கடைசியில் வாப்பா நற்பிட்டிமுனைக்குப் போய்ச் சாச்சியை ஏற்றிவந்து, இவதான் தாய் என்று பதிந்துவிட்டார். சாச்சி உம்மாவின் தங்கை. கலியாணமாகி எட்டு வருடம், பிள்ளையில்லை. ஆகவே வேலையுமில்லை என்பது வாப்பாவின் நினைப்பு.

மறுநாள் மதியம் பார்வை நேரத்துக்குக் கஞ்சியோடு என்னையும் கூட்டிப்போனார். வழியில் ஒரே புத்திமதி.

“புள்ள, உள்ளுக்குப் போய் வாயத் துறக்கப்படா. சாச்சிதான் உம்மா. விளங்குதா?”

உள்ளே சாச்சி தாய்மையில் வெகுதூரம் போயிருந்தார். தம்பி எட்டாம் மாதத்தில் நடந்தானாம், பிறந்தபோது வார்டிலேயே பெரிய பிள்ளையாம். உண்மையில் அவன் ஒன்றரை வயதில்தான் எழுந்து நின்றான். வார்டுத் தாதியான மிஸ்ஸி எல்லாவற்றையும் அட்டையில் எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை. வாப்பா என் தோளைக் கிள்ளினார்.

மிஸ்ஸி ஊசியை எடுத்துக்கொண்டு கேட்டார், “பெனிசிலின் போடப் போறம். பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் இருக்கா?”

“ஒண்டுமில்ல மிஸ்ஸி. என்னத்தக் குடுத்தாலும் தாங்குவான்.”

பெனிசிலின் என்ற அந்தப் பெயர் எனக்கு மனப்பாடம். வாப்பா சாரத் துணி விற்கக் கொழும்புக்குப் போயிருந்த நாட்களில், அதைக் குடித்துத்தான் தம்பியின் முகம் வீங்கி மூச்சு இழுத்தது. பிறகு வந்த அயலார் எல்லோருக்கும் உம்மா அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். வாப்பாவிடம் மட்டும், ஏச்சுக்குப் பயந்து, வயிற்றுவலி என்று முடித்துவிட்டார்.

மிஸ்ஸி தம்பியின் காற்சட்டையை இறக்கினார்.

“மிஸ்ஸி, இவ உம்மா இல்ல, சாச்சி. அந்த மருந்துக்குத்தான் தம்பிக்கு மூச்சு நிண்டது. உம்மாக்குத்தான் தெரியும், உம்மா ஊட்டுல இருக்கா.”

ஊசி தட்டுக்குத் திரும்பியது. அட்டையில் சிவப்பு மையால் பெரிதாக எழுதினார்கள். எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. மிஸ்ஸி வாப்பாவை ஏசிய ஏச்சில் பக்கத்துக் கட்டில்களில் பிள்ளைகள் அழத் தொடங்கின. தாய் வந்தே ஆகவேண்டும் என்றார்.

“நாப்பது முடியல்ல மிஸ்ஸி, அவ வரமாட்டா,” என்றார் வாப்பா.

சேதி அனுப்பியதும் உம்மா ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார், தங்கச்சியைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஓட்டோவில். இரண்டு நாளாக இத்தனை பேர் இத்தனை பொய் சொன்னோம். வருவாயா என்று அவரிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

சாச்சி தன் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்தார். தம்பி அவரது முந்தானையை விடாமல் பிடித்திருந்தான். ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். அதுவரை வெளியே குழாயடியில் நின்றுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்த அடுத்த கட்டில் பெண், கழுவிய பால் கோப்பையை நீட்டினார்.

“தம்பிட உம்மா, இத மறந்திட்டீங்க.”

“ஓம்,” என்று சாச்சி வாங்கிக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பிடிபட்ட பிறகும் பொய் சொல்கிறாவே என்று வாப்பாவிடம் முறையிட்டேன். அவர் என்னை ஏசவில்லை. சாச்சியின் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.