விருந்தாளியின் கை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஜெபக்கூடம் சிறியது. எந்தச் சமயத்தவரும் வரலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஒரு சைவ அக்கா கொரோனாவுக்கு முந்திய வருடத்திலிருந்து வருகிறார். மெலிந்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, மாறாத மலையகப் பேச்சு. ஜெபம் முடிந்ததும் எல்லோருடைய தேநீர்க் கோப்பைகளையும் யாரும் கேளாமலே கழுவி வைப்பார்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய குழுவுக்கு வாக்கெடுப்பு நடந்தது. அக்காவும் கை தூக்கினார்.

"விருந்தாளிகள் கை தூக்க வேணாம்," என்றார் தலைவர். ஞானஸ்நானம் பெறாதவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்.

"எந்த வீட்லங்க ஐயா விருந்தாளி கோப்பை கழுவுறாங்க?" என்று கேட்டார் அக்கா.

கூடமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். ஆனால் அந்தக் கையை எண்ணவில்லை. வாசலில் அப்படி எழுதிவிட்டு உள்ளே இப்படி நடப்பதற்கு என்ன பெயர்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கூட்டம் முடிந்து பஸ் தரிப்பிடத்தில் அக்காவிடம், "இனி இங்க வராதீங்க அக்கா. இவையளுக்கு வெட்கமில்லை," என்றேன்.

"எனக்கும் கோவந்தான் தம்பி. ஆனா எங்க வீட்டுக்காரரு செத்தப்போ ராப்பகலா என்கூட ஒக்காந்திருந்தது இந்தச் சனந்தானே? அந்தாளு ஒருத்தரு வாய்க்காக இவங்கள விட்டுட்டுப் போவனா?"

நானாக இருந்தால் போயிருப்பேன்.

இந்த ஆண்டுக் கூட்டத்திலும் வாக்கெடுப்புக்கு முன் தலைவர் விருந்தாளிகளுக்கு அதையே சொன்னார். அக்கா முன்வரிசையில் இருந்துகொண்டு கையைத் தூக்கினார். எண்ணி முடித்து, தெரிவானவர்களின் பெயர்களை வாசித்த பிறகும் அவர் அதை இறக்கவில்லை.