நூற்றைம்பது இறாத்தல்

வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்ப்பது என் வேலை. வலிகாமத்தில் நான் திறக்காத வாசற்படலை குறைவு. இருபது வருடமாக ஒரே சண்டையைத்தான் கேட்கிறேன். "போன மாசம் வீட்டில ஆக்களே இல்லை, எப்பிடித் தம்பி இவ்வளவு ஏறும்?" என்பார்கள். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல், "மீட்டர் பொய் சொல்லாது அம்மா" என்று சொல்லி, பில் துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு மீட்டரை நம்பி என் அண்ணையைக் கைவிட்டேன். நம்பி என்று எழுதுவதும் சரியில்லை. அது எப்படிச் சரியில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தவர். பிறஷருக்குத் தந்த குளிசையை நினைத்தால் போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். ஒருநாள் வகுப்பில் கரும்பலகையைப் பிடித்தபடி நின்றவரைப் பிள்ளைகள்தான் தாங்கி இருத்தினார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். கிழமைக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, நாலு மணித்தியாலம் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று ஒரு சின்னப் போத்தலைக் காட்டினார்கள். தாகத்துக்கு அவர் ஐஸ்கட்டியை வாயில் போட்டு உமிந்துகொண்டிருப்பார்.

யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் மாற்றலாம். அண்ணிக்குச் சீனி வருத்தம், நீரிழிவுக்காரர் கொடுக்கக்கூடாது என்றார்கள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிறவர்கள். கூடப்பிறந்தது நான் ஒருவன்தான். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் பொருந்தியது. டொக்டர் றிப்போர்ட்டைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"எல்லாம் ஓகே. வெயிட்தான் பிரச்சினை. தொண்ணூற்றாறு. எண்பத்திரண்டுக்குக் கீழ வந்தால்தான் உங்களை வெட்டலாம். ஆறு மாசத்தில வாங்கோ பாப்பம்."

வெட்டலாம் என்ற சொல் என் காதில் விழுந்த விதத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. அண்ணை என் தோளில் கையை வைத்து, "இவன் குறைப்பான் டொக்டர். சின்னனில நல்லா ஓடினவன்" என்றார். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஒரேயொரு முறை மூன்றாவதாக வந்ததை அவர் முப்பது வருடமாக மறக்கவில்லை.

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடியில் ஜிம் ஒன்று இருந்தது. லண்டனில் எங்கோ பூட்டிய ஜிம் ஒன்றின் சாமான்களை யாரோ கொன்டெயினரில் அனுப்ப, இங்கே ஒரு மாஸ்டர் வாங்கிப் பொருத்தியிருந்தார். வேலை முடிந்து பின்னேரம் அங்கே போகத் தொடங்கினேன். கிழமைக்கு ஐந்து நாள். மாஸ்டர் என்னை ஓடும் மிஷினில் ஏற்றி, "அந்தப் பச்சைப் பட்டனை அமத்துங்கோ அண்ணை, மிச்சத்தை அது பாத்துக்கொள்ளும்" என்றார். நானும் அமத்தினேன். இரண்டு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக, திரும்ப வேகம். வேகம் கூடும்போது இரண்டு பக்கத்துக் கம்பியையும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். முக்கால் மணித்தியாலம் முடிய, சிவப்பு எழுத்தில் கலோரி காட்டும். முதல் நாளே எண்ணூற்றுத் தொண்ணூறு.

அதை அப்படியே படமெடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். "நல்லது" என்று ஒரு சொல்லும் ஒரு கட்டைவிரலும் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு படம். தொளாயிரம். எண்ணூற்று எண்பது. தொளாயிரத்து இருபது. பக்கத்தில் வேர்வையில் நனைந்த துவாயும் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலும் தெரியும்படி எடுப்பேன். ஐஸ்கட்டி உமிகிற மனிதனுக்குத் தண்ணீர்ப் போத்தலின் படத்தை அனுப்புகிறோமே என்று ஒருநாளும் என் மரமண்டைக்குத் தோன்றவில்லை.

ஜிம்முக்குக் கீழேயே ஒரு சாப்பாட்டுக் கடை. போனில் தேடிப் பார்த்தேன். ஒரு மட்டன் றோலுக்கு இத்தனை கலோரி, ஒரு கொத்துரொட்டிக்கு இத்தனை என்று எல்லாம் போட்டிருந்தது. தொளாயிரம் எரித்தவனுக்கு இரண்டு றோல் என்ன செய்துவிடும்? வீட்டுக்கு வந்தால் மனைவி இடியப்பத்தோடு நிற்பாள். "இன்னும் ரெண்டு போடவோ? முகம் வாடிப்போச்சு உங்களுக்கு" என்பாள். சிறுநீரகத்தைக் கொடுக்காதே என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தட்டில் போட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். நானும் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஏழாவது கிழமை, பக்கத்து மிஷினில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை என் பக்கம் எட்டிப் பார்த்தாள். கம்பஸில் ஏதோ மருத்துவப் படிப்பு.

"அங்கிள், நீங்கள் நூற்றைம்பது கிலோவோ?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கிள் என்றது ஒன்று, நூற்றைம்பது என்றது மற்றது.

"ஏன் பிள்ளை, பாத்தால் அப்பிடியே தெரியுது?"

"நான் சொல்லேல்லை அங்கிள், மிஷின் சொல்லுது."

மிஷினை நிற்பாட்டி, ஒரு மூலையைக் காட்டினாள். நிறை 150 என்று சின்னதாகக் கிடந்தது. ஓடத் தொடங்கமுன் நிறையைக் கேட்குமாம். கொடுக்காமல் பச்சைப் பட்டனை அமத்தினால் தன்னிடம் கிடக்கிற இலக்கத்தையே எடுத்துக்கொள்ளுமாம். "இது லண்டனில இறாத்தலில கிடந்திருக்கும். நூற்றைம்பது இறாத்தல் எண்டால் அறுபத்தெட்டுக் கிலோதான். இஞ்ச ஆரோ மைலைக் கிலோமீற்றராக்கேக்கை இறாத்தலும் கிலோவாயிட்டுது. இலக்கத்தை மட்டும் ஒருத்தரும் மாத்தேல்லை."

எங்கள் ஊரில் இறாத்தல் என்ற சொல் பேக்கரிப் பாணுக்கு மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. ஒரு இறாத்தல் பாண், அரை இறாத்தல் பாண். லண்டனில் யாரோ ஒரு மெல்லிய வெள்ளைக்காரனுக்கு வைத்த இலக்கம், கடல் தாண்டி வந்து, என் மேல் இன்னொரு அரை ஆளை ஏற்றிவிட்டிருந்தது. அந்த ஆள் ஓடியதற்கும் சேர்த்து நான் றோல் சாப்பிட்டிருக்கிறேன்.

"அதோட கம்பியை விடுங்கோ அங்கிள். வேகத்தைக் கூட்டக் கூட்ட நீங்கள் அதிலதான் தொங்குறியள். பாதிப் பாரம் கையில. மிஷினுக்கு அது விளங்காது, நீங்கள் முழுசா ஓடுறியள் எண்டு நினைக்கும். எல்லாத்தையும் சரியாக் குடுத்தாலும் அது ஒரு குத்துமதிப்புத்தான். உங்கடை உடம்புக்குள்ள நடக்கிறது அதுக்கு எப்பிடித் தெரியும்?"

அன்றைக்குத் தொண்ணூற்றாறு என்று நிறையைக் கொடுத்து, கையை விட்டு ஓடிப் பார்த்தேன். வழக்கமான வேகத்தில் இரண்டு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. வேகத்தைக் குறைத்து, குறைத்து, கடைசியில் நடந்தே முடித்தேன். நானூற்றுப் பத்து. அதைப் படமெடுக்கவில்லை. போனில் சார்ஜ் இல்லை என்று மனைவியின் போனிலிருந்து அண்ணைக்குச் சொன்னேன். அவர் அதற்கும் "நல்லது" என்றார்.

இனி வருவதைத்தான் இத்தனை நாளும் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். அடுத்த நாள் அந்தப் பிள்ளை வராத நேரமாகப் பார்த்து ஜிம்முக்குப் போனேன். மிஷினில் ஏறி, நிறையைக் கொடுக்காமல், பச்சைப் பட்டனை அமத்தினேன். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தேன். தொளாயிரத்துப் பன்னிரண்டு. படமெடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு நாலு மாதத்துக்கு மேல் அதையே செய்தேன்.

எனக்குப் பயம். அவ்வளவுதான் காரணம். குளிக்கும்போது இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்ப்பேன், இந்த இடத்தில்தான் திறப்பார்கள் என்று. கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் தைரியம் என்னிடம் இல்லை. கொடுக்கும் தைரியமும் இல்லை. பாடுபடுகிற தம்பி என்ற பேரும் வேண்டும், வெட்டும் வேண்டாம். இரண்டையும் அந்த மிஷின் எனக்குத் தந்தது. ஜிம்மில் நிறை பார்க்கும் தராசு ஒன்றும் இருந்தது. அதன் பக்கம் நான் போகவேயில்லை.

ஆறாம் மாதம் கிளினிக்கில் ஏறி நின்றேன். தொண்ணூற்று மூன்று. டொக்டர் என்னைத் திட்டவில்லை. "இன்னொரு மூண்டு மாசம் பாப்பம்" என்று எழுதினார். அண்ணை முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது வாடகை வான் ஒன்றில் நாங்கள் இரண்டு பேரும் பின் சீற்றில் இருந்தோம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அந்த மிஷின் பிழை அண்ணை, கூடக் காட்டியிருக்கு. லண்டன் மிஷின், இறாத்தல் கிலோவாய் மாறிக் கிடந்திருக்கு" என்று ஏதோ இன்றைக்குத்தான் கண்டுபிடித்தவன் மாதிரித் தொடங்கினேன். அவர் யன்னலுக்கு வெளியே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ அனுப்பின படம் எல்லாத்தையும் கூட்டிப் பாத்தனான். ஒரு கிலோ கொழுப்பு எரிக்க ஏழாயிரத்துச் சொச்சம் கலோரி வேணும். உன்ரை மிஷின் சொன்னது சரியெண்டால் பதினைஞ்சு கிலோ குறைஞ்சிருக்கோணும். இண்டைக்கு நீ எண்பத்தொண்டு நிண்டிருக்கோணும்." கட்டிலில் நாலு மணித்தியாலம் படுத்திருக்கும் கணக்கு வாத்தியாருக்கு வேறு என்ன வேலை? "ரெண்டாம் மாசமே விளங்கீற்றுது. உன்ரை முகத்தில ஒரு மாற்றமும் இல்லை, இலக்கம் மட்டும் ஓடுது."

"பிறகேன் அண்ணை சொல்லேல்லை?"

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். படிக்காமல் வந்த பிள்ளையிடம் வாத்தியார் கதைக்கிற குரலில் சொன்னார். ஜிம்மில் அந்தப் பிள்ளை சொன்ன நாளிலிருந்தே எனக்குத் தெரியும் என்பதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டொக்டர் தந்த மூன்று மாதத்தில் இரண்டாவது மாதமே அண்ணைக்கு மூச்சு முட்டி, நெஞ்சில் தண்ணீர் கட்டி, அவசரப் பிரிவில் கிடந்தார். ஆள் தப்பிவிட்டார். இதயம் நல்லாய்ப் பலவீனமாகிவிட்டது, இனி இந்த ஒப்பரேஷனை அது தாங்காது என்றார்கள். டொக்டர் அதை எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னார். சொல்லி முடிந்ததும் என் உடம்பு கொஞ்சம் இளகியது. அந்த ஒரு கணத்துக்காக என்னை நான் மன்னிக்கப் போவதில்லை. அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அதையும் கண்டிருப்பார். கணக்கில் பிழை பிடித்தே பழகிய கண்கள்.

ஜிம்முக்குப் போவதை விட்டேன். கிழமையில் மூன்று காலை அண்ணையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன். அவர் உள்ளே படுத்திருக்கும் நாலு மணித்தியாலமும் எனக்கு வெளி வாங்கில் குந்தியிருக்கப் பிடிப்பதில்லை. ஆஸ்பத்திரி மதிலைச் சுற்றிச் சுற்றி நடப்பேன். எத்தனை சுற்று என்று எண்ணுவதில்லை. பின்னேரம் மீட்டர் பார்க்கவும் நடந்தே போகிறேன். மனைவி இப்போதும் இடியப்பம் போட வருவாள். தட்டை மூடிக்கொள்வேன். யாராவது படலையில் நின்று மீட்டர் பிழை என்று சண்டை பிடித்தால், இருக்கலாம் அம்மா, எழுதிக் குடுங்கோ, வந்து பாப்பினம் என்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு என்ன நடந்தது என்று சிரிக்கிறார்கள்.

இரத்தம் சுத்தம் செய்யமுன் ஒருமுறை, செய்தபின் ஒருமுறை அவரை நிறை பார்ப்பார்கள். எவ்வளவு தண்ணீர் உடம்பில் நிற்கிறது என்று அதில்தான் தெரியும். போன கிழமை அண்ணை தராசிலிருந்து இறங்கினார். தாதி இலக்கத்தை எழுதிக்கொண்டு போய்விட்டார். அண்ணை என் காற்சட்டையைப் பார்த்தார். பெல்ட்டை இழுத்துக் கடைசி ஓட்டையில் போட்டிருந்தேன்.

"ஏறு பாப்பம்" என்றார்.

"எனக்கேன் அண்ணை?"

"ஏறடா."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தத் தராசில் பிடிக்கக் கம்பி இல்லை. இலக்கம் கொஞ்ச நேரம் ஆடி நின்றது. எண்பத்தொன்று.

அண்ணை குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, அதை இரண்டு தரம் வாசித்தார்.

"உன்ரை மிஷின் சொன்ன கணக்கு இப்பதான் சரிவந்திருக்கு" என்றார்.

பிறகு தன் கட்டிலுக்குப் போய்ப் படுத்து, ஊசி ஏற்றுவதற்குக் கையை நீட்டினார்.