ஸ்பீக்கரில் வந்த அப்பா

அம்மாவின் செல்போன் உடைந்த மறுநாளே பொத்தேரியிலிருந்து மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பியான அவர், அங்கே கல்லூரிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர்களைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். எதையும் நேராகச் சரிசெய்வது அவருக்குப் பிடிக்காது.

உடைந்த போனிலிருந்து சிம்மை உருவி, பென்டிரைவ் போலிருந்த ஒரு டாங்கிளில் சொருகி, என் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்திருந்த லேப்டாப்பில் மாட்டினார். இனிமேல் போன், மெசேஜ், நெட் எல்லாம் இதிலேயே என்றார்.

“புது போனு வாங்குற வரைக்கும் இது போதும்க்கா.”

“கையில எடுத்துகினு போவ முடியாதாம், இதுக்குப் பேரு போனாடா?” என்றார் அம்மா.

அன்றோடு வீட்டில் நிம்மதி போயிற்று. ஜன்னலோரம்தான் சிக்னல் கிடைத்தது என்பதால் அரிசி டிரம்மின் மேல் லேப்டாப்பை வைத்தோம். உலை வைக்கும்போதெல்லாம் போனைத் தூக்கி இறக்க வேண்டும். அக்கா பாட்டு இறக்கினால் நெட் தீர்ந்துவிடும். மணி அடித்ததும் அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து, அம்புக்குறியை நகர்த்தி நகர்த்திப் பச்சைப் பட்டனுக்குக் கொண்டுபோவதற்குள் அழைப்பு நின்றுபோகும். “பேஜாரு புடிச்ச பொட்டி” என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்.

சத்தம்தான் பெரிய தொல்லை. எதிர்முனையில் பேசுவது ஸ்பீக்கரில் தெரு வரை கேட்டது.

அப்பா அப்போது மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சீசன் என்பதால் அங்கேயே தங்கியிருப்பதாக எங்களிடம் சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருந்த செங்கல்பட்டிலிருந்து ஒரே பஸ்தான். ஆனாலும் சீசன் முடிகிற வழியாக இல்லை. முன்பெல்லாம் அவர் அழைத்தால் அம்மா போனோடு கொல்லைப்பக்கம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். திரும்பி வந்ததும் எங்கள்மேல் எரிந்து விழுவார். இப்போது பேச வேண்டுமானால் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாக வேண்டும்.

முதல் அழைப்பில் இருவரும் அந்நியர்களைப் போலப் பேசினார்கள். “சாப்டியா?” “ஆச்சு.” எனக்குப் பொறுக்கவில்லை. பல் விழுந்த கதையை நடுவில் புகுந்து சொன்னேன். அப்பா சிரித்த சிரிப்பு எதிர் வீட்டுக்கே கேட்டது. அந்த வீட்டு அத்தை தம் வாசலிலிருந்தே, “இன்னா அண்ணாத்த, சீசன் இன்னுமா முடியல?” என்று கேட்டார்.

“முடியப்போவுதும்மா,” என்றார் அப்பா.

அம்மா உடனே மாமாவை அழைத்துத் திட்டினார். “காதுல மாட்டுறது ஒண்ணு எடுத்தாடா. தெருவே கேட்டுகினு கீது.” மாமா எடுத்து வருவதாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டு வந்தார்.

ஒருநாள் பேச்சு முற்றியது. “உன் இஷ்டத்துக்குப் போயிட்டு...” என்று அம்மா ஆரம்பித்ததும் அப்பாவும் குரலை உயர்த்தினார். சட்டென்று நிறுத்தி, “புள்ளைங்க கீதுங்களா?” என்று கேட்டார்.

“பக்கத்துலதான் கீதுங்க.”

அப்பா குரலைத் தணித்து, “கொழம்பு இன்னா?” என்றார்.

“கருவாடு,” என்றார் அம்மா. லேப்டாப்பைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா துணிப்பையோடு வந்து நின்றார். சீசன் முடிந்துவிட்டதாம். சுற்றுலா வேன்கள் எங்கள் தெருமுனையில் அப்போதும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

அதன்பின் மாமா புதுப் போனோடு வந்தார். “ஒரு இயர்போன் எடுத்தாரத் துப்பில்ல, நீயெல்லாம் கட வெச்சிகினு கீற,” என்று அம்மா பொரிந்து தள்ளினார். மாமா தலை நிமிராமல் சாப்பிட்டார். அவரை நம்பிக் கம்ப்யூட்டரைக் கொடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்காக நான் வருத்தப்பட்டேன்.

அம்மா கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். பக்கத்திலேயே செல்போன் கடை. அதன் வாசலில் இயர்போன்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கும். லேப்டாப்பே போனாக இருந்த அந்த நாட்களில், பள்ளி விட்டதும் நான் அங்கேதான் நிழலுக்கு நிற்பேன். வேலை முடிந்து வரும் அம்மா, முகத்தில் இடிக்கும் அந்த இயர்போன்களைக் கையால் விலக்கிவிட்டுத்தான், மாமாவைத் திட்டியபடியே என்னைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார். ஒன்றை வாங்கிவிடலாமே என்று அவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.