உயிரோடா, இல்லையா, தெரியவில்லையா?

டேட்டா என்ட்ரி பண்ணி விரல் தேஞ்சவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: கம்ப்யூட்டர்ல உண்மையை ஏத்தலாம், பொய்யை அதைவிட வேகமா ஏத்தலாம், ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதை மட்டும் அது வாங்காது. தொண்ணூறுகளோட கடைசியில, திருத்தணியில ஒரு நெசவாளர் சங்கத்தோட குடும்பப் பட்டியலை ஏத்திக்கினு இருந்தேன். பட்டியல்ல பேர் இருந்தாத்தான் அட்டை, அட்டை இருந்தாத்தான் தறிக்கு நூல்.

அப்பனும் மகனும்

முதல் மாசம் எதைக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் வாங்கிக்கிச்சு. அப்புறம் சென்னையிலேர்ந்து மின்சார ரயில்ல வந்த சாஃப்ட்வேர் மகராசன் சுரேஷ், அதுக்குப் புத்தி வைக்கிறேன்னு புது விதியெல்லாம் போட்டார். மறுநாளே அப்பனுக்கு நாப்பத்தி நாலு, மகனுக்கு முப்பத்தி அஞ்சுன்னு ஒரு படிவம். ஏத்த மாட்டேன்னு அடம் பிடிக்குது. பள்ளிப்பட்டுலேர்ந்து அந்த அப்பனையே வரவழைச்சுக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "பையனுக்குக் கொறச்சுக்கோம்மா. அவனுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, இனிமே எவன் கேக்கப்போறான்?"

நாகம்மா புருஷன்

பொதட்டூர்பேட்டை நாகம்மா தனியா தறி ஓட்டி ரெண்டு பொண்ணுங்களைக் காப்பாத்தறவ. புருஷன் திருப்பதிக்குப் போறேன்னு கிளம்பி ஆறு வருஷம், தகவலே இல்லை. குடும்பத் தலைவர் கட்டத்துல 'உயிரோடு', 'இறந்தவர்'னு ரெண்டே வழி. உயிரோடுன்னா அவர் கையெழுத்து வேணும், இறந்தவர்னா சான்றிதழ் வேணும். புது அட்டை இல்லைன்னு நூலை நிறுத்திப் பத்து நாள், தறி சும்மா கிடக்குது. எதைப் போடறதுன்னு அவளையே கேட்டேன். அவ நிதானமா சொன்னா: "செத்தாருன்னு போட்டா மாமியா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடும். இருக்காருன்னா யாரு வந்து கையெழுத்துப் போடறது? ரெண்டும் இல்லாம ஒண்ணு போடும்மா."

மூணாவது வழி

சுரேஷ்கிட்ட சண்டைக்கே போயிட்டேன். மனுஷன்னா இருப்பான், இல்லை செத்திருப்பான், இதுதான் லாஜிக்னு எனக்குப் பாடம் நடத்தினார். சரி சார், நீங்க ஊருக்குத் திரும்பவேண்டிய வண்டி சென்னையிலேர்ந்து வர்ற வழியில இப்போ அரக்கோணம் தாண்டிடுச்சா இல்லையான்னு கேட்டேன். கடிகாரத்தைப் பார்த்தவர், உக்காந்து 'தெரியவில்லை'ன்னு ஒண்ணு சேர்த்தார். புருஷன் 'தெரியவில்லை', குடும்பத் தலைவி நாகம்மான்னு அட்டை அடிச்சாச்சு, நூலும் வந்தாச்சு. அன்னிக்குப் பையைத் தூக்கிக்கினு முணுமுணுத்தார்: "ஒரு ஆளுக்காகத் திறந்தேன், நாளைக்கு ஊரே இதுக்குள்ள வந்து உக்காரும் பாருங்க."

ஆள் வந்துட்டார்

அடுத்த வருஷம் ஒருநாள் நாகம்மா வந்தா. பின்னாடி மொட்டைத் தலையோட அவ புருஷன். எங்கே இருந்தார்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஊர் சொல்றார். சங்கச் செயலாளருக்குச் சந்தோஷம் தாங்கலை, உடனே 'உயிரோடு'ன்னு மாத்தச் சொன்னார். மாத்தினா தலைவர் பதவி தானா அவருக்குப் போயிடும், நூலும் அவர் கைக்குத்தான். ஓடறதுக்கு முன்னாடி தறி நூலை வித்துக் குடிச்ச புண்ணியவான். நாகம்மா அவரை மேலேர்ந்து கீழ பார்த்தா. "வீட்டுல சோறு போடறேன், அது வேற. நாளைக்கு இருப்பாரான்னு எனக்கே தெரியலை, அந்தப் பொட்டிக்குத் தெரிஞ்சுபோச்சா?"

நான் மாத்தலை, ஆயிரக்கணக்குல ஏத்தின தகவல்ல சந்தேகமே இல்லாம சரின்னு நான் சொல்லக்கூடியது அந்த ஒரு 'தெரியவில்லை'தான்.